முதுகில் கறுப்பு மை

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்துவிட்டது,
கப்பல் வராத மாதம்.
கையைக் கழுவித் துடைத்து
ஈரம் முழுக்கப் போகட்டும் என்று
விரல்களை விரித்துக் காத்திருக்கிறேன்.
கையுறை போடுவதில்லை.
தாள் சொல்வது தோலுக்குத்தான் கேட்கும்.

ஆரின் ஹாக்ஸ்ட்ரா கொண்டுவந்த புத்தகம்.
பனிவண்டியை விற்று வாங்கினானாம்.
"ஒன்பதுக்குக் குறையாது, பாருங்கள்" என்றான்
பிள்ளையின் பரீட்சை முடிவை
வாசலிலேயே கேட்டுவிடத் துடிப்பவன் போல.

ஐம்பத்து மூன்று, அக்டோபர் இதழ். விலை பத்து சென்ட்.
அட்டையில் செம்பு முகமூடிப் பெண் ஒருத்தி
பாலத்திலிருந்து சரியும் ரயிலை
ஒற்றைத் தோளில் தாங்குகிறாள்.
எழுபது வருடமாகத் தாங்குகிறாள்.
தோள் மாற்றக்கூட இல்லை.

ஸ்டேப்பிள் இரண்டிலும் துரு கிடையாது.
தாள் நிறம் ஆறிய பாலின் ஏடு.
வலது கீழ்மூலை மயிரிழை மழுங்கல்.
மோந்து பார்க்கிறேன்: நிலவறை வாசனை,
ஆனால் ஈரம் இல்லாத நிலவறை.
பின்னட்டைக் கூப்பன் அப்படியே இருக்கிறது.
இருபத்தைந்து சென்ட் அனுப்பினால்
சுவருக்கு அப்பால் காட்டும் கண்ணாடி வருமாம்.
ஏதோ ஒரு பையன் அதற்கு ஆசைப்படாமல் இருந்திருக்கிறான்,
அல்லது அவனிடம் இருபத்தைந்து சென்ட் இல்லை.
அந்த இல்லாமைக்கு இன்றைய விலை
நாலாயிரம் டாலர்.

ஒன்பது என்று எழுதப் பென்சிலை எடுத்துவிட்டேன்.
பழக்கதோஷம்,
அறை விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டேன்.

முதுகோரம் மூன்று அங்குலம்.
மற்ற கறுப்பெல்லாம் உறங்க
அது மட்டும் விழித்துக்கொண்டது.
அட்டையைத் திறந்தால், உள்பக்கம் கசிந்த ஏழு புள்ளிகள்.
மடிப்பு வெளுத்த இடங்களை யாரோ
பேனாவால் தொட்டுத் தொட்டு மறைத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு தொடுகையும் இடப்பக்கம் சாய்ந்து,
சாய்ந்த இடத்தில் கட்டைவிரல் ஒற்றிய மங்கல்.

அந்தச் சாய்வை எனக்குத் தெரியும்.
என் மளிகைச் சீட்டில் இருக்கிறது,
காசோலைகளில்,
விவாகரத்துத் தாளின் அடியில்.

எண்பத்தெட்டு, டெட்ராய்ட்,
வெர்ன் கசுபாவின் கடைப் பின்னறை.
"தொடு, உடனே ஒற்று, மறுபடி தொடாதே."
புத்தகத்துக்கு மூன்று டாலர்.
பொய் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.
பராமரிப்பு என்பார் வெர்ன்,
காருக்கு எண்ணெய் விடுவதைச் சொல்வது போல.
அந்தக் குளிரில் ஐம்பது புத்தகம் தொட்டிருப்பேன்.
ஒன்றின் அட்டையும் ஞாபகமில்லை.
கடைவாய்ப் பல்லின் வலி ஞாபகமிருக்கிறது,
அதைப் பிடுங்க எத்தனை முதுகுகள் ஆயின என்பதும்:
பதினாறு.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
செப்பனிட்டது தொழில்முறைக் கை,
செப்பனிட்டது அமெச்சூர் கை.
இரண்டாவதில் குறியிட்டேன்.
கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன்?
முப்பத்தைந்து வருடம்
எத்தனை கண்ணுக்குத் தப்பிய கை!

இனி இதற்கு ஊதாச் சீட்டுதான்.
விலை ஆறில் ஒரு பங்கு, அதுவும் கிராக்கி இருந்தால்.

தொலைபேசியில் சொன்னேன்.
மூச்சு விடும் சத்தம்.
பிறகு, "எவன் செய்த வேலை இது?"

வெர்ன் போய்ச் சேர்ந்தாயிற்று.
கடை இருந்த இடத்தில் டயர் விற்கிறார்கள்.
'தெரியாது' என்பது நாலே எழுத்து.

"எவள்" என்று திருத்தினேன்.

அந்தப் பக்கம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
"எவ்வளவு வாங்கினீர்கள்?"
"மூன்று டாலர்."
அவன் சிரித்தானா இருமினானா தெரியவில்லை.
வைத்துவிட்டான்.

புத்தகத்தை உறையில் இட்டேன், ரயில் இன்னும் விழவில்லை.
ஜன்னலுக்கு வெளியே, உறைந்த ஏரிமேல்
யாரோ பனிவண்டி ஓட்டிப் போகிறார்கள்.
அவன் விற்றதாகவும் இருக்கலாம்.
சின்ன ஊர்.