ஆயிரத்தில் மூன்று

செவ்வாய், பதினொன்று இருபது.
ஊசியை மஞ்சள் டப்பாவில் போடப்போகும் நேரம்
வெளியே செம்பனை லோரி ஒன்று ஹார்ன் அடித்தது.
அவ்வளவுதான் கதை.
கையுறையில் ஒரு துளை.
அதனடியில் இடது ஆள்காட்டி விரலில்
எள்ளுக்கும் சிறிய சிவப்பு.

பிதுக்கக் கூடாது, கழுவ வேண்டும்.
புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்லித்தரும் பாடம்.
சோப்பு இரண்டு முறை நழுவி விழுந்தது.
மழை பெய்தால் பகாவில் குழாய்த் தண்ணீர் செம்மண் நிறம்.
எது ரத்தம், எது தண்ணீர் என்று
பார்த்துக்கொண்டே நின்றேன்.

நாற்காலியில் இன்னும் சன்னாசி,
சட்டைக் கையை இறக்காமல்.
குலை வெட்டும் கை; நரம்பைத் தேடவே வேண்டாம்.
"குத்திருச்சா மிஸ்ஸி?"
முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தான்.
"ரெண்டு வருசமா ஒரு வேளைகூட மருந்து விட்டதில்ல.
சத்தியமா மிஸ்ஸி."
யாரோ அவன்மேல் வழக்குப் போட்டதைப் போல.

டாக்டர் அஸ்லினா கோப்பைப் புரட்டினார்.
ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் தொற்றும்,
இவன் ஒழுங்காக மருந்து எடுப்பதால் இன்னும் குறைவு,
ஆனால் கடைசி ரிப்போர்ட் எட்டு மாதப் பழசு,
ஆகவே இருபத்தெட்டு நாள் மாத்திரை.
கையெழுத்துப் போட்டேன்.
என் பெயரை நோயாளி என்ற கட்டத்தில்
முதன்முதலாக எழுதினேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டேன்,
"ஆயிரம் மரத்துல மூணு வேரழுகிப் போனா?"
மண்டோர் அவர். சிரித்தார்.
"அதெல்லாம் கணக்குலயே வராது."
தூங்கிப்போனார்.
நான் கண்ணை மூடினால் வரிசை வரிசையாய்ச் செம்பனை.
டார்ச் அடித்து
அந்த மூன்றைத் தேடி நடக்கிறேன்.

போன வருடம் ஐந்தாம் கட்டையில்
சன்னாசியின் தட்டு
குளியலறை ஜன்னலில் தனியே கவிழ்ந்திருந்தது.
அவன் அக்காளை என்ன ஏச்சு ஏசினேன்!
எச்சிலில் வராது, தட்டில் வராது, கொசுவில் வராது,
படித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படியா என்று.

இன்று மகள் என் மைலோ குவளையை எடுத்தாள்.
"வேணாம்டி, ஆறிப்போச்சு."
ஆவி பறந்துகொண்டிருந்தது.

பதினேழாம் நாள்.
குமட்டல். கடைத்தெருவில் ரொட்டி சானாய் வாசனை
மூக்கில் ஏறினாலே வயிறு புரள்கிறது.
மருந்து வாங்க வந்த சன்னாசி
கவுண்டரில் ஒரு பொட்டலம் அசாம் வைத்தான்.
"பசியாறிட்டுப் போடுங்க மிஸ்ஸி,
வெறும் வயித்துல வேணாம்.
மொத மாசம் எனக்கும் இப்படித்தான் புரட்டுச்சு."

யாருக்காவது கேட்டதா என்று
இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன்,
இந்தக் கதவுக்குள் நுழையும்போதெல்லாம்
அவன் பார்ப்பதைப் போல.