கழிவு போக

கண்டனூர் ரயில்வே கேட் தாண்டியதும் என் பட்டறை.
தார்ப்பாயை விலக்கினேன்.
கோயம்புத்தூர் ஜெயப்பிரகாஷ்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
வாங்க வந்தவர் வாயடைத்து நிற்பது
விற்கிறவனுக்கு நல்லது.
நானும் பேசவில்லை.

டிரயம்ப். இரண்டே சீட்டு. அறுபத்தாறு மாடல்.
பினாங்கிலிருந்து கப்பலில் வந்தது.
தொண்ணூற்று மூன்றில்
பதினான்கு மாதக் கூலி பாக்கிக்கு
மெ.சொ. வீட்டுக் கொட்டகையிலிருந்து
கயிறு கட்டி இழுத்து வந்தேன்.
அன்று அதன் விலை ஒன்பதாயிரத்து நானூறு.
சிட்டையில் இருக்கிறது, என் கையெழுத்தில்.

கூட வந்த பெண் நிவேதிதா
பெட்டியிலிருந்து ஒரு கருவி எடுத்தாள்.
காய்ச்சல் பார்ப்பதுபோல
கதவில் வைத்தாள், பானட்டில் வைத்தாள்.
"இங்கே பட்டி வெச்சிருக்கு சார்."
வைத்திருக்கிறேன்.
ஆரியக்குடிப் பக்கம் எருமை குறுக்கே வந்த வருடம்.
எருமைக்கு ஒன்றும் இல்லை.

பிறகு அவள் கணக்கு தொடங்கியது.
தரைத் தகடு ஒரிஜினல் இல்லை. கழி.
(எண்ணெய் டிரம்மை வெட்டித் தட்டியது.
குனிந்து பார்த்தால்
பாதிப் பெயர் இன்னும் தெரியும்.)
டேஷ்போர்டு ஒரிஜினல் இல்லை. கழி.
(காரைக்குடிப் பழைய சாமான் கடையில்
ஒடிந்த தூணை எடைக்கு வாங்கி
அறுத்து, இழைத்து, மூன்று முறை பாலிஷ்.
பர்மாத் தேக்கு அம்மா அது!)
பிரேக் சிலிண்டர் அம்பாசிடருடையது. கழி.
பெட்ரோல் பம்பு மாருதியுடையது.
இங்கே கொஞ்சம் சிரித்துவிட்டாள்.
கழி.

ஒவ்வொரு கழிக்கும்
என் ஞாயிற்றுக்கிழமை ஒன்று போனது.
பூசைக்கு வராத ஞாயிறுகள்.
அவற்றை ஏற்கெனவே வீட்டில் ஒருத்தி
கழித்து வைத்திருக்கிறாள்.

நான் பதினான்கு லட்சம் என்றேன்.
அவர் ஏழரை என்றார்.
"அந்த எண் மட்டும் வேண்டாம் சார்,
சனி பிடித்த எண்."
சிரித்துக்கொண்டே எட்டு என்றார்.
வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவனுக்கு
ஏழரை என்ன, எட்டு என்ன.
ஆனாலும் அரை லட்சம்.

அங்கேயே நின்றது பேச்சு.
டீ ஆடை கட்டியது.

"ஒன்று செய்யலாம்" என்றேன்.
"நான் போட்டதையெல்லாம்
நானே கழற்றிக்கொள்கிறேன்.
கழிவு இல்லாத விலையைக் கொடுங்கள்.
லாரி சொல்லிவிடுங்கள்."

அரை இஞ்சு ஸ்பேனரோடு
அடியில் போய்ப் படுத்தேன்.
மிரட்டல் இல்லை.
எது மிஞ்சும் என்று
எனக்கே தெரிய வேண்டியிருந்தது.
மேலே நிவேதிதா
போனைப் பார்த்து வாசிப்பது கேட்டது:
உடம்பு. கண்ணாடி. என்ஜின் நம்பர்.
ஸ்டியரிங் வட்டம்.
அப்புறம் சத்தமில்லை.

அவருடைய செருப்புக் கால்கள்
என் முகத்துக்கு நேரே வந்து நின்றன.
"ஓட்டிப் பார்க்கலாமா?"

ரோட்டை நான்தான் தேர்ந்தேன்.
அகலமான ரோடு,
ஒரே வளைப்பில் திரும்பலாம்.
கருவேலங்காடு இரண்டு பக்கமும் பின்னால் ஓட
மூன்றாவது கியரில் அது தொண்டையைச் செருமியது.
மனிதர் ஐம்பத்தெட்டு வயசு.
தலைமயிர் புழுதியாகத் திரும்பி வந்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"பதினொன்று" என்றார்.

ஒன்றில் முடிகிற தொகை.
இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேசுவது மரியாதை இல்லை.
ஃபாரம் இருபத்தொன்பது, முப்பது.
கையெழுத்துப் போட்ட பேனாவையும்
அவரே வைத்துக்கொண்டார், மறதியாக.
கேட்கவில்லை. அது கழிவு.

இரவு பத்தரைக்குப் போன்.
ஒட்டன்சத்திரத்தில் ஏதோ பெட்ரோல் பங்கு.
"ரிவர்ஸ் விழலையே சவரிமுத்து!"
பின்னால் லாரிக்காரன் ஆரன்.
"கம்பை லேசாத் தூக்குங்க.
தூக்கி, ஒரு மூச்சு விடுங்க.
அப்புறம் தள்ளாதீங்க. விடுங்க, அதுவே போகும்."
கடக்கென்று ஒரு சத்தம்.
பிறகு வண்டி பின்னால் நகர்வது
காதுக்குள் கேட்டது.

போனை நிவேதிதா வாங்கினாள்.
"இதை ஏன் அண்ணே
காலையில சொல்லலை?"

"கழிச்சிருவியேம்மா" என்றேன்.