பன்னிரண்டு வளையம்

சமாதானபுரம் கிளையில்
செவ்வாய்க்கிழமை பதினொன்றே கால் மணிக்கு
என் இடுப்பிலிருந்து ஒரு தோட்டா
கழன்று விழுந்தது.
வெடிக்கவில்லை. அப்படியெல்லாம் வெடிக்காது.
மொசைக் தரையில் உருண்டு
நகைக்கடன் வரிசைக்குள் புகுந்து
ஒருத்தியின் செருப்பில் முட்டி நின்றது.
அவள் குனிந்து எடுத்து
'அண்ணாச்சி, உங்க லிப்ஸ்டிக்' என்று நீட்டினாள்.
வரிசை மொத்தமும் சிரித்தது.
மேனேஜர் சிரிக்கவில்லை.

'காவலர் தி. ஞானசிகாமணி அவர்களுக்கு'
என்று தொடங்கும் மெமோ
மூன்று மணிக்கே வந்துவிட்டது.

பெல்ட்டில் வளையம் பன்னிரண்டு.
கம்பெனி கொடுத்த தோட்டா ஐந்து.
பதினோரு வருஷமாக அதே ஐந்தை
அதே ஐந்தில் செருகியதில்
வியர்வை குடித்துக் குடித்து
தோல் வாய் பிளந்துவிட்டது.
'மிச்சம் ஏழு இருக்கே, அதுல மாத்தும்வே'
என்றார் கேஷியர்.
மாற்றிப் பார்த்தேன்.
சும்மா கிடந்தே காய்ந்துபோனவை அவை,
தோட்டாவின் மூக்கு பட்டதும்
முறுக்குப் போல் விண்டன.

ஜங்ஷன் மேம்பாலத்துக்குக் கீழே
பேச்சித்தாய் செருப்புத் தைக்கிறாள்.
பெல்ட்டை மடியில் போட்டு
வளையத்துக்குள் பெருவிரலை விட்டாள். போகவில்லை.
சுண்டுவிரலை விட்டாள். ஆடியது.
'குண்டைத் தாங்க, அளவு வேணும்.'
'கொடுக்கக் கூடாது. கணக்கு இருக்கு.'
'கணக்கு உங்களுக்கு. வளையம் எனக்குல்லா?'
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
மூக்கை உறிஞ்சினாள்.
பிறகு சுருக்குப்பையிலிருந்து
விக்ஸ் குழலை எடுத்து
என் கையிலிருந்த தோட்டாவோடு சேர்த்துப் பிடித்தாள்.
ஒரு மயிரிழை ஒல்லி.
வண்ணார்பேட்டை டவுன் பஸ் டிக்கெட்டை
ஒரு சுற்று சுற்றினாள். சரியாயிற்று.
'பீனிசம் அண்ணாச்சி, இது இல்லாம இருக்க முடியாது,
நாலு வாங்கிட்டு வாங்க,
எனக்கு ஒண்ணு சேத்து அஞ்சா வாங்குங்க.'

மெடிக்கல்காரர் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்,
'வீட்ல எல்லாருக்குமா?'

பழைய தையலைப் பிரித்தாள்.
ஒவ்வொரு வளையத்திலும் நெல்லளவு வெட்டினாள்.
வெந்நீரில் நனைத்து, குழலைச் செருகி,
மெழுகு நூலை இரட்டை ஊசியில் இழுத்து
பல்லால் முறித்தாள்.
விண்ட ஏழையும் தொடவில்லை.
'அதுக்கு வேற தோல் வேணும், வேற துட்டு வேணும்.'
வெயிலில் காயவைப்பாள் என்று நினைத்தேன்.
'வெயில்ல போட்டா அப்பளம்' என்றாள்.
பாலத்து நிழலில், பஸ்கள் தலைக்கு மேல் ஓட,
இரண்டு நாள் தொங்கியது.

அந்த இரண்டு நாளும்
தோட்டாக்கள் என் கால்சட்டைப் பையில்.
வலப்பக்கம் சாய்ந்தே நின்றேன்.
கையில் பித்தளைக் களிம்பின் பச்சை,
மதியச் சோற்றில் அதன் வாடை.

வெள்ளிக்கிழமை வாங்கினேன்.
செருகினேன். கச்சிதமாகப் போனது.
இழுத்தேன்.
வரவில்லை.
'விழாது அண்ணாச்சி, தலைகீழா நில்லுங்க, விழாது.'
'எடுக்கணும்னா?'
ஊசியைக் கொண்டையில் குத்திக்கொண்டு
என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.
'இதுக்கு முன்ன எப்பம் எடுத்தீய?'

மெமோவுக்குப் பதில் எழுதினேன்:
'பழுது நீக்கப்பட்டது. இனி விழாது.'
அது உண்மைதான்.
வரிசையில் நிற்பவர்கள்
எங்கிருந்தோ விக்ஸ் வாசம் வருகிறதென்று
திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஷட்டர் இறங்கிய பிறகு
லாக்கர் அறைப் பக்கம் நின்று
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கிறேன்.
முதல் நாள் ஒரு தோட்டாவுக்குப் பதினாலு விநாடி.
திருடன் அதற்குள் ஆற்றுப்பாலம் தாண்டியிருப்பான்.
நேற்று ஒன்பது.
தோல் இணங்கி வருகிறது,
அல்லது என் விரல்.
மேனேஜரிடம் சொல்லவில்லை.
அவர் கேட்டதெல்லாம் விழக்கூடாது என்பதுதான்.