கீரிப்பாறையில் ஒரே படிவம்

இரண்டுக்கும் ஒரே படிவம்தான் தந்திருக்கிறார்கள்.

தவளை முதலில்.
ஈத்தை இலைமேல், என் சுண்டுவிரல் நகமளவு.
குரல்: உண்டு. நனைந்த தீப்பெட்டியில்
குச்சி உரசுவதுபோல், மும்மூன்றாக.
எண்ணிக்கை: ஏழு.
போன ஐப்பசியில் இருபத்தொன்று.

காளானுக்குக் குரல் இல்லை, கோடு போட்டேன்.
சுவரொட்டியில் அச்சடிக்க
ஒரு முகமும் இல்லை.
விழுந்த வெடிப்பலாவின் அடிவயிற்றில்
கழுவிக் கழுவி வெளுத்த துணிநிறத்தில்
பதினொரு குடை.

எண்ணிக்கையில்தான் பேனா நின்றது.
குடைக்குக் கீழே நூல்நூலாய் மண்ணுக்குள் போகிறது.
இந்தச் சரிவு முழுக்க
ஒரே உடலாகவும் இருக்கலாம்.
பதினொன்று என்று எழுதி வெட்டினேன்.
ஒன்று என்று எழுதி
அதையும் வெட்டினேன்.

டார்ச் பிடித்திருந்த றசலுக்கு
விடியுமுன் ரப்பர் பால்வெட்டு இருக்கிறது.
கொட்டாவியோடு கேட்டான்:
"தவள செத்தா சத்தம் நிக்கும், அறியலாம்.
இது செத்துதுன்னா எப்பிடி அறியதுக்கு?"

அச்சுறுத்தல்: புது ரோடு.
காளானுக்கு: மேற்படி.
விழுந்த மரத்தை ஏலம் விடுவதையும் சேர்த்தேன்,
கட்டத்துக்கு வெளியே போய்விட்டது எழுத்து.

கிளம்பும்போது றசல்
டார்ச்சை மரத்தடிக்குத் தாழ்த்தினான்.
ஏழாவது குடைக்குக் கீழே
மழைக்கு ஒதுங்கி ஒரு தவளை.
கூப்பிடவில்லை. பெண்ணாக இருக்கும்,
அவை கூப்பிடுவதில்லை.
காதால் எண்ணுகிற எங்கள் கணக்கில்
அது இதுவரை இருந்ததே இல்லை.

"எட்டுன்னு போடட்டா?" என்றான்.
நான் வெளிச்சத்தை அணைக்கச் சொன்னேன்.