எல்லா வயதினருக்கும்

எனக்கு வயது இரண்டு.
ஒன்று பாஸ்போர்ட்டில்,
இன்னொன்று முழங்காலில்.
பாஸ்போர்ட் போன மாதம் அறுபதைத் தொட்டது.
முழங்கால் ஐம்பத்தாறிலேயே நின்று
யோசித்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை. ஃபுஜைரா கடற்கரைச் சாலை.
நகராட்சி பந்தல் போட்டிருக்கிறது.
பேனரில், எல்லா வயதினருக்கும்,
கட்டணம் இல்லை.
கட்டணம் இல்லை என்பதை
இன்னொரு தரம் வாசித்துவிட்டுத்தான்
சைக்கிளைப் பூட்டினேன்.

காற்றடைத்த கோட்டைக்குள் பிள்ளைகள்
வெறுங்காலோடு விழுந்து விழுந்து எழுகிறார்கள்.
கூடாரத்தில் பெண்களுக்கு யோகா.
மூச்சை விடச் சொல்லும் குரல் மட்டும்
ஸ்பீக்கர் வழியே வெளியே வருகிறது.
நானும் ஒருதரம் விட்டுப் பார்த்தேன்.
கேரம் போர்டில் இரண்டு வங்காளிகள்
சிவப்புக் காய்க்காகப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

பதிவு மேசையில் ஷம்சா என்றொரு பெண்
என் அட்டையை மெஷினில் வைத்தாள்.
மெஷின் யோசிக்கவேயில்லை.
"சிக்ஸ்டி பிளஸ்" என்று
மணிக்கட்டில் நீலப் பட்டை சுற்றினாள்.

இல்லையம்மா என்று சொல்ல
அரபி இருக்கிறது என்னிடம்,
முப்பத்தொன்பது வருஷத்து அரபி.
எங்கிருந்து ஆரம்பிப்பது?
பதினேழு வயசுப் பயலுக்கு விசா இல்லை என்றதும்
நாகர்கோவில் ஏஜெண்ட் பேனா மூடியைக் கழற்றி
நாலு வருஷம் போட்டுக் கொடுத்தான்.
அதற்குத் தனியாக இருநூறு ரூபாய்.
"ஜனவரி ஒண்ணு வச்சுக்கோ, மறக்காது."
மறக்கவில்லை.
கம்பெனியும் மறக்கவில்லை.
ஜூனோடு விசா முடிகிறது,
அறுபதுக்கு மேல் புதுப்பிப்பதில்லையாம்.

அறுபது தாண்டியோர் நடை:
கொடிக்கம்பத்திலிருந்து மீன் மார்க்கெட் திருப்பம் போய்த்
திரும்பி வரவேண்டும்.
எட்டுப் பேர்.
கைத்தடியோடு உபைத்.
டிரெய்லர் ஓட்டி ஓய்ந்த குல் நவாஸ்.
மகன் வீட்டுக்கு விசிட்டில் வந்திருக்கும்
பாலக்காட்டுத் தங்கமணி டீச்சர்,
புடவைக்குக் கீழே பேரனின் ஷூ.
நான் எட்டிப் போட்டால் முதல் பரிசு எனக்குத்தான்.
பரிசு ஒரு ஃபிளாஸ்க்,
மேசைமேல் வெயிலில் மின்னியது.
நாலு வருஷம் களவாண்டவன்
ஃபிளாஸ்க்கையும் களவாடவா என்று
காலைச் சுருக்கிக்கொண்டேன்.
டீச்சர் முன்னால் போனார்.
குல் நவாஸும் என்னோடு பின்தங்கினான்,
ஏனென்று எனக்குப் புரியவில்லை.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கறுத்த மலை.
நடுவில் நாங்கள்
கல்யாண வீட்டுக்கு நேரத்தோடு வந்துவிட்டவர்கள் மாதிரி.

முடிவுக்கோட்டில் ஷம்சா
பட்டியலைப் பார்த்துச் சிரித்தாள்.
"எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு
ஜனவரி ஒன்றா!"
யாரும் பேசவில்லை.
உபைத் தடியால் தரையைத் தட்டினார்.
"நான் பிறந்தபோது பேரீச்சை பழுத்திருந்தது
என்று என் தாய் சொன்னாள்.
ஜனவரியில் எங்கே பழுக்கும், மகளே?
எழுத வந்தவன் எல்லாருக்கும் அதையே எழுதினான்."
குல் நவாஸ் என்னைப் பார்த்து
இடுப்புக்குக் கீழே மூன்று விரல் காட்டினான்.
நான் நாலு காட்டினேன்.
வாய்விட்டுச் சிரித்தான்,
பல்லுக்கு என்ன வயதோ.

ஃபிளாஸ்க் டீச்சருக்கு.
மூடியைத் திருகிப் பார்த்தபடி சொன்னார்,
"எனக்கு மே இருபது. ஸ்கூலில் சேர்க்க
ஹெட்மாஸ்டர் போட்டது."

சைக்கிளுக்குப் போகும் வழியில் கூடைப்பந்து வளையம்.
பதிமூன்று முதல் பதினெட்டு வரை என்று அட்டை.
அந்த வரிசையை நான் பாதியில் தாண்டி வந்தவன்.
பந்து உருண்டு வந்து காலில் முட்டியது.
எடுத்தேன். எறிந்தேன்.
வளையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை,
மலைப்பக்கமாய்ப் போனது.

ஒரு பையன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.
நீலப் பட்டையைப் பார்த்தான்.
பந்தை மறுபடி என்னிடமே நீட்டினான்.