அறுபத்தோராவது யூனிட்

திராய்மடுவில் கச்சான் காற்று
மேற்கிலிருந்துதான் வரும்.
வீடு கட்டித் தந்தவர்கள்
கண்ணாடி யன்னல் இரண்டையும்
மேற்கேதான் வைத்தார்கள்.
பனி கொட்டும் ஊரில் வரைந்த படமாக இருக்கலாம்,
அங்கே வெயில் விருந்தாளி.
இங்கே அது
பின்னேரம் இரண்டு மணிக்கு வந்து
செருப்போடு கட்டிலில் ஏறிப் படுக்கும்.
இரவு பதினொன்றாகியும்
சுவரில் அதன் உடம்புச் சூடு கிடக்கும்.

போன மாதம் அறுபத்தொரு யூனிட்.
அறுபதோடு நின்றிருந்தால் ஒரு கணக்கு,
ஒன்று கூடினால்
முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு.
அந்த ஒன்று எது என்று
மூன்று நாள் தேடினோம்.
சர்வேசன் சொன்னான், உன்ர அயன் பொக்ஸ்.
நான் சொன்னேன், உன்ர ஃபோன்.
வேர்க்குருவோடு கிடந்த பிள்ளையின் மேல்
மூன்றாம் இலக்கத்தில் சுற்றிய ஃபேனை
இரண்டு பேருமே சொல்லவில்லை.

டவுனுக்குப் போய்த்
திரைச்சீலைத் துணிக்கு விலை கேட்டேன்.
ஒரு யாருக்கு அவர் சொன்ன காசில்
இரண்டு பால்மாப் பைக்கற் வரும்.
துணியை மடித்து
அவர் கையிலேயே கொடுத்தேன்.
மறுகா, பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன்:
பால்மாப் பைக்கற்.
உட்பக்கம் வெள்ளியல்லவா அது?

வெட்டி விரித்துக் கழுவித் துடைத்து
கோதுமை மாவில் பசை காய்ச்சி
வெள்ளி வெளியே பார்க்க ஒட்டினேன்.
இரண்டு நாள் நல்லாயிருந்தது.
மூன்றாம் இரவு
கரப்பான்கள் குடும்பத்தோடு வந்து
பசையைத் தின்றுவிட்டுப் போயின.

எலக்சனில் தோற்றவரின் பதாகையொன்று
சந்தியில் ஒற்றைக் கயிற்றில்
மாதக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தது.
கேட்பாரில்லை.
சர்வேசன் சுருட்டி ஓட்டோவில் ஏற்றி வந்தான்.
வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால்தான்
வெயில் திரும்பிப் போகும்.
ஆகையால் ஐயா உள்ளே வந்தார்.
ஒரு யன்னலுக்கு
மூக்கிலிருந்து கும்பிட்ட கை வரைதான் கொண்டது.
கண்களை
மற்ற யன்னலுக்கு வைத்தோம்.

அறை குளிர்ந்தது.
குளிர்ந்தது என்றால்
சுவரில் கை வைத்தால் எடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.
ஆனால் மூன்று மணிக்கே இருட்டு.
தையலுக்கு வந்த சட்டைகளில்
கறுப்பு நூல் எது, நீல நூல் எது?
லைட்டைப் போட்டேன்.
சர்வேசன் என்னைப் பார்க்கவில்லை,
மீட்டரைப் பார்த்தான்.

கோபத்தில்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.
அவருடைய சிரிப்பை மட்டும்
ஓரம் பிசகாமல் வெட்டினேன்.
பல் இருந்த இடத்தால்
ஒரு சாண் நீள வெளிச்சம் வந்து
மெஷினில் விழுந்தது.
ஊசியில் நூல் கோர்க்க அது காணும்.

மீட்டர் பார்க்க வந்த பொடியன்
வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.
'நீங்க இவர்ட ஆக்களா அக்கா?'
'இல்ல தம்பி,
இவர்தான் இப்ப எங்கட ஆள்.'
அவன் துண்டைக் கிழித்துத் தந்தான்.
ஐம்பத்தெட்டு.
அவன் தெருவைத் தாண்டும் வரை
இரண்டு தரம் வாசித்தேன்.

ஃபேன் இப்போது ஒன்றில் சுற்றுகிறது.
வேர்க்குரு கழுத்தில் மட்டும் மிச்சம்.
சர்வேசன் குறட்டை விடுகிறான்.
எனக்குத்தான் நித்திரை வரவில்லை.
இத்தனை மாதம் கடகடவென்ற அந்தச் சத்தத்துக்குள்ளேதான்
பிள்ளை தூங்குவதாக நம்பியிருந்தேன்.
இப்போது சத்தமில்லை.
நடுச்சாமத்தில் எழும்பி
மூக்கின் கீழே இரண்டு விரலை வைத்து
காற்று வருகிறதா என்று பார்க்கிறேன்.
வருகிறது,
சின்னதாய், சூடாய்.