பதினேழாவது வெள்ளை

வாரத்தில் ஐந்து நாள்
நியூஷாத்தெல் நகரில் பல் செய்கிறேன்.
என் மேசையில் பதினாறு வெள்ளைகள்
எண் போட்டு வரிசையில் நிற்கும்.
ஈறோரம் சற்று மஞ்சள்,
நுனியில் நீலம் கசியும்.
வெறும் வெள்ளையில் ஒரு பல் செய்தால்
வாய் திறந்ததும் பொய் தெரிந்துவிடும்.

ஞாயிறு. லா பிரெவின்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
காரின் பின்கதவைத் தூக்கிக் கூரையாக்கி
மடியில் பலகை, பலகையில் தாள்.
தண்ணீரில் பாதிக்குப் பாதி செர்ரிச் சாராயம்,
தூரிகை உறையாமல் இருக்க.
(கொஞ்சம் குடிக்கவும்தான்.)

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது
தொடாமல் இருப்பது.
வானத்தை ஈரத்தோடு இழுத்துவந்து
கூரை விளிம்பில் நிறுத்த வேண்டும்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
விட்ட இடம் வீடாகும்.

ஆனது.
அல்ட்ராமரினில் துளி பழுப்புக் கலந்து
மேட்டின் பின்னால் காட்டை இறக்கினேன்.
சாராயத்தையும் மீறி
நிழல்கள் காயுமுன்னே உறைந்து
தாளெங்கும் பெரணி இலைகள் கிளைத்தன.
நான் வரையாதவை.
இருக்கட்டும் என்று விட்டேன்.

டிராக்டர் ஒன்று நின்றது.
இறங்கியவர் பெயர் மத்தே என்று பிறகு தெரிந்தது.
தாளைப் பார்த்தார். வயலைப் பார்த்தார்.
"என் வேலி எங்கே?"

வேலி எதுவும் தெரியவில்லையே என்றேன்.

"தெரியாது. ஒன்றரை மீட்டர் பனி.
ஆனால் இருக்கிறது.
இப்படி வந்து, இங்கே திரும்பி,
இந்தக் கம்பம் சாய்ந்திருக்கும்,
அக்டோபரில் ஒரு பசு முட்டியது..."
கையுறை கழற்றிய கட்டைவிரல்
தாளுக்கு மேலே காற்றில் போய்க்கொண்டே இருந்தது.
சாய்ந்த கம்பம் வந்ததும்
தொட்டுவிட்டது.

டீசல் மணக்கும் சாம்பல் ரேகை,
நான் கட்டிக் காத்த வெண்மையின் நடுவில்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"சரியாக அங்கேதான்" என்றார்.

குவாஷ் குழாயை அக்குளில் வைத்துச் சூடாக்கினேன்.
நீர்வண்ணப் பிடிவாதக்காரர்கள் இதைத்
தோற்றவர்களின் வெள்ளை என்பார்கள்:
விட்டுவைக்கத் தெரியாத கை பூசுகிறது.
எனக்கென்ன,
சோறு போடுவதே சொத்தையை மூடுகிற வேலை.

முதல் பூச்சு. அடியிலிருந்த ரேகை கரைந்து
மேலே வந்து எட்டிப் பார்த்தது.
காயட்டும் என்று ஒரு வாய் சாராயம்.
இரண்டாம் பூச்சு, கெட்டித் தயிர்ப் பதத்தில்.
நீர்வண்ணம் காயக்காய வெளிறும்.
குவாஷ் எப்படிக் காயும் என்பது
குவாஷுக்கே தெரியாது.

இரவு, வீட்டில், மேசைவிளக்கின் கீழ்
பழக்கதோஷத்தில் எண் தேடுகிறேன்.
தாளின் வெள்ளை இல்லை.
கூரையில் நான் விட்ட வெள்ளையும் இல்லை.
பதினாறில் எதனோடும் சேரவில்லை.

நேராகப் பார்த்தால் வெறும் பனி.
சாய்த்துப் பிடித்தால்
அதனடியில் ஏதோ சாய்ந்து நிற்கிறது.

நாளை காலை ஒன்பதுக்குள்
ஒரு முன்பல் முடித்தாக வேண்டும்.